தமிழில ஷெயார் புத்தகம் ஒண்டு இருக்கா?

ஷெயார் புத்தகம் விற்கிற வேலை பாமசியில் நிற்கிற மாதிரி: என்ன வருத்தம் என்று ஆட்கள் நேராகச் சொல்லமாட்டார்கள், மருந்தின் பெயரை மட்டும் கேட்பார்கள்.

மட்டக்களப்பு டவுனில், வாவிக்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒரு புத்தகக் கடையில் கனகாலமாக நிற்கிறேன். முன்பெல்லாம் பாடப்புத்தகம், பரீட்சை வழிகாட்டி, சமையல், சோதிடம், இவ்வளவும்தான் ஓடும். பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலம் முடிந்த பிறகு ஆட்கள் புதிதாக ஒன்றைக் கேட்கத் தொடங்கினார்கள். "தமிழில ஷெயார் புத்தகம் ஒண்டு இருக்கா?" சேர்த்து வைத்தது கண்ணுக்கு முன்னாலேயே சுருங்கிப் போனதைப் பார்த்தவர்கள் அவர்கள். முதலாளி சென்னையிலிருந்து ஒரு பெட்டி இறக்கினார். யாருக்கு எந்தப் புத்தகம் என்று எடுத்துக் கொடுக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. வாழ்நாளில் ஒரு ஷெயாரும் வாங்கியிராத நான், பின் அட்டையை வாசித்து வாசித்தே பேசப் பழகினேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கிப் போன என் இனத்தவர்களே, உங்களுக்கு இது புரியும்.

கச்சேரியில் கேட்ட அட்டை

வெல்லாவெளியில் வேளாண்மை செய்கிறவர் தங்கராசா அண்ணன். அவருடைய அப்பா காலத்தில் ஒரு துண்டு வயல் கைமாறிப் போயிருந்தது. அதே வயல்வெளி வட்டையில், இவருடைய வரம்புக்கு அடுத்த பக்கம்தான் அது கிடக்கிறது. ஒவ்வொரு போகமும் வேறு ஒருவர் அதில் விதைப்பதைப் பார்த்துக்கொண்டே இவர் தன் வயலில் இறங்க வேண்டும். அதைத் திரும்ப வாங்க வேண்டும், நெல் விற்று மட்டும் அது நடக்காது என்று என்னிடம் வந்தார். ஆரம்பத்தில் இருந்து சொல்லித் தருகிற புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

மனிதன் அதை ஒரு வரி விடாமல் வாசித்திருக்கிறார். ஷெயார் கணக்குத் திறப்பதற்கு வருமான வரி அட்டை ஒன்று வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. நேரே மாவட்டச் செயலகத்துக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் கச்சேரிக்கு, போய் அந்த அட்டையைக் கேட்டிருக்கிறார். ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு அனுப்பி, கடைசியில் "புத்தகம் வாங்கின கடையிலேயே கேளுங்க" என்று சொல்லிவிட்டார்கள். என் முன்னால் அந்தப் பக்கத்தை விரித்து வைத்தார். அது இந்தியாவில் கொடுக்கிற அட்டை என்றும், புத்தகத்தில் இருக்கிற கம்பனிகளும் சட்டங்களும் அந்த நாட்டுடையவை என்றும், கொழும்புச் சந்தைக்கு வழி வேறு என்றும் நான்தான் சொல்ல வேண்டி வந்தது. அப்படியானால் கொழும்புச் சந்தைக்கு ஒரு தமிழ்ப் புத்தகம் தரச் சொன்னார். எங்கள் தட்டில் அப்படி ஒன்று இருக்கவில்லை. அவர் புத்தகத்தை மூடி அட்டையைக் கையால் தடவிக்கொண்டு சொன்னார்:

"தமிழ்தான் புள்ள, நல்ல தமிழ். ஆனா எங்களோட கதைக்குதில்லையே."

பங்கு என்றால்

என்னோடு வேலை செய்கிற நிசா காத்தான்குடி முஸ்லிம் பிள்ளை. இரண்டாவது பெட்டி வந்த அன்று அவள்தான் பிரித்து அடுக்கினாள். "பங்கு" என்று தலைப்பில் இருந்த அத்தனை புத்தகத்தையும் கொண்டுபோய் செபப் புத்தகத் தட்டில் வைத்துவிட்டாள். பங்குத்தந்தை, பங்கு மக்கள் என்று கிறிஸ்தவ வாடிக்கையாளர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, இதுவும் அவர்களுடையதுதான் என்று நினைத்திருக்கிறாள். அடுத்த கிழமை நான் கண்டுபிடித்தபோது அந்தத் தட்டில் பாதி காலி. இடம் மாற்றச் சொன்னேன். நிசா மாற்றவில்லை.

"இருக்கட்டும் அக்கா, அங்க நிக்கிற ஆக்கள்தான் எதையாவது நம்பி வாங்குறாங்க."

மெழுகுதிரிப் படம்

அந்தச் செபப் புத்தகத் தட்டில் இருந்து ஒரு ஷெயார் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தவர் ஒஸ்வல்ட் அங்கிள். டவுனில் இருக்கிற, போர்த்துக்கேய வழி வந்த பறங்கிக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. தளபாட வேலை செய்கிறவர். எங்கள் கடைத் தட்டுகளே அவர் கைவேலைதான். ஒரே மகள் மெல்பேர்னில். ஒவ்வொரு வருடமும் நத்தார் பண்டிகைக்கு வருவதாகச் சொல்வாள். விமான ரிக்கெற் விலையைப் பார்த்துவிட்டு, டடா, அடுத்த வருடம் என்பாள். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் ரிக்கெற்றைத் தானே எடுத்து அனுப்பிவிட்டால் அவளுக்குச் சாட்டுச் சொல்ல இடம் இருக்காது என்பது அங்கிளின் திட்டம்.

அவர் தெரிந்தெடுத்தது விலை ஏறி இறங்குவதைப் படம் போட்டுக் காட்டுகிற புத்தகம். சிவப்பும் பச்சையுமாகச் சின்னச் சின்ன மெழுகுதிரிகள் பக்கம் முழுக்க நிற்கும். முதலில் இது வேண்டாம் அங்கிள், கம்பனியை விளங்கிக்கொள்ளுகிற புத்தகம் ஒன்றில் தொடங்குங்கள் என்று சொன்னேன். கேட்கவில்லை. அளவு நாடா பிடிக்கிற கைக்குப் படம்தான் விளங்கும் என்றார். இரண்டு மாதம் கழித்துக் கடைத் தட்டு ஒன்றைத் திருத்த வந்தவர், அந்தப் புத்தகத்தைப் பைக்குள் இருந்து எடுத்து என்னிடமே நீட்டினார். எந்த மெழுகுதிரிக்குப் பிறகு எது வரும் என்று ஒன்றும் பிடிபடவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகள் பேருக்கு மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்துகிற மனிதன் அவர். ஆணியை வாயில் வைத்தபடி சிரித்தார். பிறகு ஆணியை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"கோயிலில கொளுத்துற திரிக்கே இன்னும் பதில் வரல்ல பிள்ள, இது வெறும் படத்தில எரியிற திரி."

ஒரே புத்தகம் இரண்டு

குருக்கள்மடத்துச் சுபா ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி கேட்டாள். யாருக்கும் பரிசு கொடுக்கவா என்று கேட்டேன். ஒன்று தனக்கு, மற்றது கட்டாரில் இருக்கிற கணவனுக்கு, ஊருக்கு வந்து திரும்புகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பப் போகிறாள். சம்பளம் இல்லாமலும் வீடு ஓடும் என்கிற அளவுக்கு ஏதாவது முதலீடு நின்றுவிட்டால் வந்துவிடுவேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதை எப்படிச் செய்வது என்று இரண்டு பேரும் சேர்ந்து படிக்கப் போகிறார்களாம். கல்யாணம் முடித்துச் சேர்ந்து இருந்ததைவிட விமான நிலையத்தில் நின்ற நேரம்தான் கூட என்று ஒருமுறை பகிடியாகச் சொன்னவள். நான் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அன்றைக்குப் போனை எடுத்து, அவர் ஒரு பக்கம் வாசிக்க இவள் அடுத்த பக்கம் வாசிப்பாள். முன்பெல்லாம் வீட்டுச் செலவு, பிள்ளையின் காய்ச்சல், அனுப்பின காசு கிடைத்ததா என்பதைத் தவிரக் கதைக்க ஒன்றும் இருக்காதாம். இப்போது இலாபப்பங்கு என்றால் என்ன என்று சண்டை பிடிக்கிறார்கள். அவர் சத்தமாக வாசிப்பதைப் பிள்ளையும் மடியில் இருந்து கேட்கிறது. புத்தகம் முடிகிற தறுவாயில் சுபா திரும்பவும் கடைக்கு வந்தாள். ஏதாவது விளங்கியதா, கணக்குத் திறந்தீர்களா என்று கேட்டேன். அவள் தட்டில் இருந்த புத்தகங்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே போனாள்.

"இதவிடத் தடிச்சதா ரெண்டு தாங்க அக்கா, கெதியா முடியாததா."

பெரியகல்லாற்று இஞ்சின்

இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் இந்தத் தட்டோடு நிற்கிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும். ஜீவா பெரியகல்லாற்றில் கடலுக்குப் போகிற தம்பி. காலையில் வாங்கி மாலையில் விற்கிற வித்தைக்குப் புத்தகம் கேட்டார். எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டபோது போனைக் காட்டினார். ஒரு வட்ஸ்அப் குழு. அதில் முகம் தெரியாத ஒரு "சேர்", வாத்தியார் மாதிரி, தினமும் எதை வாங்கு, எதை விற்றுவிடு என்று சொல்லுகிறார். காசை அவருடைய கணக்குக்கே அனுப்ப வேண்டும். அதற்காக ஜீவா படகு இஞ்சினை விற்க ஆள் பார்த்துவிட்டார்.

"தம்பி, புத்தகம் வேணாம். இஞ்சினையும் விக்காதீங்க. ஷெயார் வாங்குறதெண்டா உங்கட பேரில கணக்கு இருக்கணும். இது வேற ஏதோ."

"புத்தகம் விக்கிறதுதானே அக்கா உங்கட வேலை?"

"ஓம். ஆனா இதுக்கு விக்கமாட்டன்."

முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். ஜீவா கோபத்தில் செருப்பைச் சரியாகப் போடாமலேயே படியிறங்கிப் போனார். நான் அவருடைய மனைவிக்காவது சொல்லலாம் என்று பெரியகல்லாற்றில் தெரிந்த ஒருத்தியிடம் நம்பர் வாங்கிப் போன் எடுத்தேன். மனைவிக்கும் அந்தச் சேர் மேல்தான் நம்பிக்கை. ஒரு மாதம் போகவில்லை, குழு காணாமல் போய்விட்டது. இஞ்சினும் போய்விட்டது. ஜீவா இப்போது இன்னொருவருடைய படகில் கூலிக்குப் போகிறார், முன்பு போலவே இருட்டோடு. பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கொப்பி வாங்க வந்தவர் கவுண்டரில் நின்றார். அவராகச் சொன்னார்:

"என்ட மகள் எழும்பக்குள்ள ஒருநாளும் நான் வீட்டில இல்ல அக்கா. அவ கண் முழிக்கிறதப் பாக்கத்தான் ஆசைப்பட்டன்."

சனிக்கிழமைக்காரர்

ரவீந்திரன் வவுனியாக்காரர். ஓர் அரச அலுவலகத்துக்கு இடமாற்றத்தில் வந்து, அறை எடுத்துத் தனியாக இருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நாற்பது கடந்துவிட்டது. இரண்டு பேருக்கும் கல்யாணம் நடக்கவில்லை. முதல் சனிக்கிழமை வந்து, ஷெயார் படிக்க எந்தப் புத்தகம் நல்லது மிஸ் என்று கேட்டார். சொன்னேன். அடுத்த சனி, இதற்குப் பிறகு எது வாசிக்கலாம் என்றார். அதற்கும் அடுத்த சனி, நீண்ட காலத்துக்கா குறுகிய காலத்துக்கா, எது நல்லது என்று கேட்டார். பின் அட்டை இனி உதவாது என்று தெரிந்தது. நான் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் முழுதாக வாசிக்கத் தொடங்கினேன். சனிக்கிழமைகளில் நல்ல சாறியாகப் பார்த்துக் கட்டுவதை நிசா கண்டுவிட்டாள். அந்த நேரத்தில் மட்டும் பின்னால் போய்ப் பெட்டி பிரிப்பாள்.

ஒரு சனிக்கிழமை அவர் கையில் ஒரு பெட்டியோடு வந்தார். திரும்ப வவுனியாவுக்கு மாற்றம் கிடைத்துவிட்டதாம், வாசலில் சாமான் ஏற்றின வான் நிற்கிறதாம். புத்தகங்களைச் சுமந்துகொண்டு போக முடியாது, யாராவது தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். பெட்டியைத் திறந்தேன். நான் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்த அத்தனையும் இருந்தன. ஒன்றிலும் பொலித்தீன் உறை கிழிக்கப்பட்டிருக்கவில்லை. நான் தெரிந்து தந்தது ஒன்றும் உங்களுக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். அவர் வாசலைப் பார்த்தார், வான் ஹோர்ன் அடித்தது, பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்பிடி இல்ல மிஸ். ஒவ்வொரு சனியும் இஞ்ச வாறதெண்டா ஏதாவது ஒண்டு வாங்கத்தானே வேணும்."

எந்த முதலீட்டுப் புத்தகத்தைத் திறந்தாலும் பொறுமையாகக் காத்திருங்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. யாருக்காக என்று ஒருவரும் எழுதாதபடியால்தான் எங்கள் கடைக்கு இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.