யூசுப் பாயின் கண்ணாடி வளையம்

யூசுப் பாய் இறந்த செய்தி திருமங்கலம் பேருந்து நிலையத்தில் கிடைத்தது. பழைய ஆய்வகத் தோழர் ஒருவர் ஜன்னல் வழியாக, "நம்ம பாய் போயிட்டாராம்ல" என்றார். பேருந்து கிளம்பிவிட்டது. யாரைத் திட்டுவதென்று தெரியாமல் ஓட்டுநரைத் திட்டினேன்.

ஆய்வகத்தில் அவரோடு ஒரே மேசையில் இருந்த எங்களுக்குத் தெரியும், அவரைப் பிடித்திருந்தது ஒரே கேள்வி. குடலுக்கும் மூச்சுக்குழாய்க்கும் உள்பூச்சாக இருக்கும் செல்கள் நெருக்கியடித்து ஒரு விரிப்பாக நிற்கின்றன. அவற்றுக்கு மேல்பக்கம் உண்டு, கீழ்ப்பக்கம் உண்டு. உள்ளே பெருகிய வைரஸ் எந்தப் பக்கமாக வெளியேறுகிறது? "மேல வந்தா இருமல்ல அடுத்த ஆளுக்குப் போகும் மாப்ள. கீழ இறங்குனா ரத்தத்துல கலந்து அதே ஆளைச் சாய்ச்சுப்புடும்" என்பார்.

இதைச் சோதிக்க வெளிநாட்டுச் சாமான் வாங்க வழியில்லை. கண்ணாடிக் குழாயை வளையங்களாக அறுத்து, அடியில் நுண்துளைத் தாளைப் பசையால் ஒட்டி, அதில் செல்களை வளர்த்து, ஒவ்வொன்றையும் ஒரு கிண்ணத்து நீரில் நிறுத்தினோம். கன்றுகளைத் தாக்கும் ஒரு வைரஸை விட்டோம். பெரும்பகுதி கீழ்க் கிண்ணத்தில்தான் கிடைத்தது. பேராசிரியர் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். கட்டுரை தட்டச்சாகி, இதழுக்கு அனுப்ப உறைக்குள் போனது.

அப்போது சித்திரை மாதம். மின்சாரம் போய் ஆய்வகம் வெந்துகொண்டிருந்தது. பாய் செல்கள் மூடி வளர்ந்திருந்த ஒரு வளையத்தில் சிவப்புச் சாயம் ஊற்றினார். கீழ்க் கிண்ணத்துத் தண்ணீர் சிவந்தது. வெக்கையில் பசை இளகி ஓரம் விட்டிருந்தது.

"ஒண்ணுதானே பாய். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றேன்.

"நீ பாத்தியா?"

யாருமே பார்க்கவில்லை. மேலே வந்த வைரஸ்தான் ஓரமாகக் கீழே ஒழுகியதோ என்னவோ என்று பேராசிரியரிடம் சொல்லி, பாய் உறையைத் திரும்ப வாங்கிவிட்டார். பேராசிரியர் அதன்பின் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உதவித்தொகை முடிந்தது. மறுபடி செய்துபார்க்க அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கப் போனார்.

சில ஆண்டுகள் கழித்து, அதே வகை வைரஸ் கீழ்ப்பக்கமாகவே வெளியேறுகிறது என்று வெளிநாட்டு இதழில் வந்தது. வயிறெரிய அதைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். நின்றபடியே படித்தார். "கசியுதான்னு பாத்திருக்காக மாப்ள. அப்ப சரிதான்."

"அன்னைக்கு அனுப்பியிருந்தா உங்க பேரு வந்திருக்கும்ல?"

"வந்திருக்கும்" என்று இதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவர் செய்ததே நேர்மை என்று நாங்களெல்லாம் பேசுவோம். அதைச் சொல்லி என் மனம் ஆறவில்லை. சரியான விடை அவர் கையில் இருந்தது.

அவருடைய வளையம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பழக்கமும் ஒட்டிக்கொண்டது. இன்றும் என் ஆய்வகத்தில், வளர்ந்த செல்கள்மேல் வைரஸை விடுமுன் சாயம் ஊற்றிப் பார்க்கிறேன். கசிந்தால் பசையை மாற்றிவிட்டுப் போய்விடுகிறேன். கசியாமல் நிற்கும்போதுதான், அன்றைய மற்ற வளையங்களும் இப்படித்தான் நின்றிருக்கும் என்று பாய் மேல் கோபமும் அழுகையும் வருகிறது.