எர்கோ பாஸ்கரனின் கோணல் கார்

ஓசூரில் பஸ்களுக்கு சீட் செய்யும் ஒரு கம்பெனியின் கேட்டில் போய் பாஸ்கரன் என்று கேட்டால், எந்தப் பாஸ்கரன் என்பார்கள். எர்கோ பாஸ்கரன் என்று கேட்டால் செக்யூரிட்டி முதலில் தன் முதுகை நிமிர்த்திக்கொள்வார். பிறகுதான் வழி சொல்வார்.

ராயக்கோட்டைக்காரர். டிப்ளமோ முடித்துவிட்டு அந்தக் கம்பெனியில் ஸ்டோர்ஸில் சேர்ந்தவர். போல்ட், நட்டு, ஸ்பிரிங் என்று நிம்மதியாகத்தான் இருந்தார். ஒருநாள் ஜெர்மனியிலிருந்து வந்த வாடிக்கையாளர்கள் உற்பத்தி லைனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தொழிலாளிகள் எப்படி உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்று கவனிக்க இங்கே ஆள் உண்டா?" என்று கேட்டார்கள். மேனேஜர் கொஞ்சமும் தயங்காமல், அப்போது டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்த பாஸ்கரனைக் காட்டி, "இதோ, இவர்தான்" என்றார். மறுவாரமே எர்கோனாமிக்ஸ், அதாவது உடம்புக்கேற்ப வேலையிடத்தை அமைக்கும் கலை, படிக்கப் புனேவுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போனவர் ஸ்டோர்ஸ்காரர், திரும்பி வந்தவர் நிபுணர்.

அன்று முதல் அவர் பையில் ஒரு டேப்பும் ஒரு கோணமானியும் இருந்தன. ஸ்டூல் உயரம், முழங்கை மடங்கும் கோணம், ஸ்குரூ டப்பா இருக்கும் தூரம் எல்லாவற்றையும் அளந்தார். வேலைக்கூடமான ஷாப்பின் சுவரில் அவர் எழுதிய வாசகம் பெரிய எழுத்தில் தொங்கியது: 'வேலைதான் மனிதனுக்கேற்ப வளைய வேண்டும், மனிதன் வேலைக்கேற்ப வளையக் கூடாது.' கேன்டீனில் குனிந்து சாம்பார் குடிப்பவர்கள் அவரைக் கண்டால் தட்டோடு நிமிர்வார்கள். முடி வெட்டிக்கொள்ளப் போனாலும் சும்மா இருப்பதில்லை. நாற்காலியை இன்னும் இரண்டு அங்குலம் ஏற்றினால் உன் தோள்பட்டைக்கு நல்லது என்று சலூன்காரருக்கு வகுப்பெடுத்துவிட்டு, ஒரு பக்கக் கிருதா குட்டையாக வீடு திரும்புவார்.

மனைவி சம்பங்கி பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம். ரோஜாப் பூக்களைத் தரம் பிரித்துக் கட்டி பெங்களூருக்கு அனுப்பும் ஷெட் ஒன்றில் சூப்பர்வைசர். டிரைவர் வராத நாளில் ஷெட்டின் 'குட்டியானை'யை, அதாவது அந்தச் சின்ன லோடு வண்டியை, தானே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். கரண்டி பிடிக்கும் கோணம் தப்பு என்று பாஸ்கரன் ஒருமுறை சொன்னபோது, கரண்டியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு சமையலறைக்குள் கோணமானி நுழைந்ததில்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஐம்பது வயதில் ஒரு கார் மீது காதல் வந்தது.

ராயக்கோட்டையில் அவர் குடும்பத்துத் தக்காளித் தோட்டம் வீட்டுமனை லேஅவுட் ஆனதில் பாஸ்கரனுக்கும் ஒரு பங்கு வந்தது. அந்தப் பணத்தில் சொந்தமாக ஒரு ரோஜா ஷெட் போடலாம் என்று சம்பங்கி நினைத்துக்கொண்டிருந்தாள். நினைத்ததைச் சொல்வதற்குள் பாஸ்கரன் பெங்களூரில் ஒரு பழைய கார் கண்காட்சிக்குப் போய்விட்டார். அங்கே அது நின்றது. மூக்கு நீண்டு, இடுப்பு ஒடுங்கி, தரையோடு தரையாகப் படுத்த சிவப்பு வண்டி. இரண்டே சீட், மேலே துணிக்கூரை. இத்தாலியில் எங்கோ இருந்து, இப்போது இல்லாமல் போன ஒரு சின்னக் கம்பெனி ஐம்பது வருஷத்துக்கு முன்பு செய்தது.

உள்ளே உட்கார்ந்ததுமே நிபுணர் விழித்துக்கொண்டார். ஸ்டியரிங் நெஞ்சுக்கு நேராக இல்லை. நான்கு விரற்கடை இடது பக்கம் தள்ளி, முகத்தையும் கொஞ்சம் திருப்பிக்கொண்டு இருந்தது. பெடல்கள் அதையும் தாண்டி இடது பக்கம் ஒதுங்கியிருந்தன. அவை இருக்க வேண்டிய இடத்தை முன்சக்கரத்தின் வளைவு தின்றிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கை எட்டவில்லை. முழங்காலோ அதில் முட்டியது. இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டும் ஊருக்காகச் செய்த வண்டியை, இங்கிலாந்தில் விற்பதற்காக வலது பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றியவர்களுக்கு வண்டி ஞாபகம் இருந்தது. அதை ஓட்டப்போகும் ஆள் ஞாபகம் இல்லை.

லைனில் இப்படி ஒரு இருக்கையைப் பார்த்திருந்தால் பாஸ்கரன் அந்த இடத்தையே சிவப்பு டேப் ஒட்டி மூடியிருப்பார். இங்கே கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது வண்டி அவருடையதாகிவிட்டது.

கம்பெனிக்கு ஓட்டி வந்த முதல் நாள், செக்யூரிட்டி குனிந்து உள்ளே பார்த்தார். "சார், கை நீளமா, காலு குட்டையா இருக்கறவங்களுக்குச் செஞ்ச வண்டிங்களா? கொரங்குக்கு அளவெடுத்த மாதிரி இருக்குது."

"இது இத்தாலியன் பொசிஷன்ப்பா. உனக்குப் புரியாது" என்றார் பாஸ்கரன். அவருக்கும் புரிந்திருக்கவில்லை.

புரியவைத்தவர் முனிராஜ். கிருஷ்ணகிரியில் கிரானைட் தொழில். ஓசூர் கிளாசிக் கார் கிளப்பின் தலைவர். அவரிடம் இருந்த இங்கிலாந்து வண்டியிலும் ஸ்டியரிங் தள்ளித்தான் இருந்தது. முப்பது வருஷமாக அதை ஓட்டி ஓட்டி, நேராக நடக்கும்போதும் எங்கோ திரும்பப் போகிறவர் போலவே இருப்பார். கிளப்பில் மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான். புதிதாக வந்தவரின் தோளைப் பார்த்தே எந்த நாட்டு வண்டி என்று சொல்லிவிடுவார்கள்.

"பாஸ்கரன், மொதல்ல ஒண்ணு தெரிஞ்சிக்கோங்க" என்றார் முனிராஜ். "வண்டி நமக்காக மாறாது. நாமதான் வண்டிக்காக மாறணும். வலிக்குதுன்னா இன்னும் மாறலைன்னு அர்த்தம்."

பாஸ்கரன் பயபக்தியோடு தலையாட்டினார். தன் கம்பெனிச் சுவரில் தொங்கும் வாசகம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஒரே மழைக்காலத்தில் அவர் மாறினார். இடது தோள் முன்னே வந்தது. வலது இடுப்பு பின்னே போனது. ஷாப்பில் அவர் நடந்து வருவதைப் பார்த்து, சாருக்குப் பக்கவாதம் வந்து தேறிவிட்டது என்று இரண்டாவது ஷிப்டில் பேசிக்கொண்டார்கள். ஆர்டர் எகிறிய ஒரு வாரத்தில், அசெம்பிளியில் வேலை செய்யும் நவீன்குமார் அவரிடம் வந்தான்.

"சார், ஸ்குரூ டப்பாவ வலது பக்கம் கொஞ்சம் தள்ளி வெச்சிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் திரும்பி எடுக்க வேண்டியிருக்குது. முதுகு புடிச்சிக்குது."

"பழகிடும்" என்றார் பாஸ்கரன்.

நவீன்குமார் சுவரிலிருந்த வாசகத்தைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். "பழகுறதுக்கு முன்னாடி ஒடஞ்சிடும் போல இருக்குது சார்."

"உனக்கு அந்த மெஷினோட ஒரு உறவு இன்னும் வரலை. வந்தா வலிக்காது."

நவீன்குமார் முதுகைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் போனான். அன்று மாலையே பாஸ்கரனால் டேபிளுக்கு அடியில் விழுந்த பேனாவை எடுக்க முடியவில்லை. பேனாவை அங்கேயே விட்டுவிட்டு, மறுநாள் கிருஷ்ணகிரியில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனார்.

டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மூட்டை தூக்கற வேலைங்களா?"

"இல்லீங்க டாக்டர். எல்லாரையும் நேரா உக்காரச் சொல்ற வேலை."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒருமுறை அவரைப் பார்த்தார். பிறகு மாத்திரையின் வீரியத்தைக் கூட்டினார்.

திரும்பும் வழியில் குருபரப்பள்ளியில் தஸ்தகீர் கடை. லாரி சீட்டுகளுக்குக் குஷன் தைப்பவர். பாஸ்கரனுக்குப் பழைய பழக்கம். தஸ்தகீர் காரைச் சுற்றி வந்தார். உள்ளே உட்கார முயன்று, பாதியில் மாட்டி, இரண்டு பேர் இழுத்து வெளியே வந்தார்.

"அண்ணே, ஒரு வேலையுமில்ல. தரையில நாலு ஓட்டை போடுறேன். சீட்டு நாலு விரல் இந்தப் பக்கம் வந்துரும். நீங்களும் நேரா வந்துருவீங்க."

பாஸ்கரனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. முனிராஜுக்குப் போன் போட்டார். வீட்டில் துக்கம் நடந்தவரிடம் பேசும் குரலில் முனிராஜ் சொன்னார்: "ஓட்டை போட்டா ஒரிஜினல் போச்சு. அப்புறம் உங்க இஷ்டம்."

ஓட்டை வேண்டாமென்று முடிவாயிற்று. பதிலுக்குத் தஸ்தகீர் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்த குஷன் ஒன்று தைத்துக் கொடுத்தார். அதில் உட்கார்ந்தால் இடுப்பு நேராகத்தான் வந்தது. ஆனால் தலை துணிக்கூரையில் இடித்தது. திருப்பத்தில் ஆள் வழுக்கிக் கதவோடு போய் ஒட்டிக்கொண்டார். ஒரு வாரத்தில் அந்தக் குஷன் வீட்டுப் பூனைக்குப் போனது. பூனையும் அதில் ஒரு நாள்தான் படுத்தது.

மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு கிளப்பின் ஆண்டு ஊர்வலம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி அணை வரை ஓட்டிப்போய், அங்கே டிபன், போட்டோ. மனைவியோடு வர வேண்டும் என்பது விதி. பட்டுப்புடவை இருந்தால் போட்டோ எடுப்பாக இருக்குமாம். சம்பங்கி ஷெட்டில் ஒருநாள் லீவு சொல்லிவிட்டு, இடது பக்க சீட்டில் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சானமாவு காட்டருகே வனத்துறையினர் கை காட்டி வண்டிகளை நிறுத்தினார்கள். யானைக் கூட்டம் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. "குட்டி ஒண்ணு பின்னாடி வருது. யாரும் ஆரன் அடிக்காதீங்க" என்றார் காவலர்.

கிளப் வண்டிகள் வரிசையாக நின்றன. நின்ற நேரத்தில் முதுகை நீட்டிக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவராக இறங்கினார்கள். முனிராஜ் வலது பக்கம் சாய்ந்து நின்றார். பக்கத்திலிருந்த பல் டாக்டர் இடது பக்கம். அவருக்குப் பின்னால் ஒரு வக்கீல் முன்னும் பின்னுமாக. பக்கத்து வரிசையில் தக்காளி ஏற்றி நின்ற டெம்போ டிரைவர் அவர்களைக் கவலையோடு பார்த்தார்.

"ஏன் சார், எல்லாருக்கும் ஒரே ஆக்சிடென்ட்டுங்களா?"

முனிராஜ் அவசரமாகக் கைக்குட்டையால் தன் கார் கண்ணாடியைத் துடைத்தார். பாஸ்கரனும் இறங்குவதற்காக ஒரு காலை வெளியே வைத்தார். இடுப்பில் ஏதோ சொடுக்கியது. அந்தக் கால் வெளியேயும் மற்றது பெடலுக்கடியிலும் இருக்க, அப்படியே உறைந்துவிட்டார். உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை. யானைகள் போய்விட்டன. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. முனிராஜும் டாக்டரும் வக்கீலும் சேர்ந்து இழுத்தார்கள். ஆளுக்கொரு கோணத்தில் சாய்ந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் இழுத்ததில் பாஸ்கரன் அலறியதுதான் மிச்சம். கடைசியில் டெம்போ டிரைவர் இறங்கி வந்து, தக்காளிக் கூடையைத் தூக்குவது போல் அள்ளித் தூக்கி, சம்பங்கி இறங்கிக் காலி செய்த இடது பக்க சீட்டில் வைத்தார்.

"தள்ளுங்க, நான் ஓட்டறேன்" என்றாள் சம்பங்கி.

"அம்மா, இது சாதாரண வண்டியில்ல" என்று பதறினார் முனிராஜ். "எங்களுக்கே வருஷக்கணக்காச்சு பழகறதுக்கு."

"அய்யோ தேவுடா, நாலு சக்கரம்தானங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். புடவையை ஒதுக்கினாள். கால்கள் இரண்டும் இடது பக்கம் தாமாகப் போய்ப் பெடலில் உட்கார்ந்தன. முகம் நேராக ரோட்டைப் பார்த்தது. கியர் விழுந்தது, வண்டி வெண்ணெய் போல நழுவியது.

சூளகிரியையும் தாண்டினாள். பிறகு சொன்னாள்: "ஏங்க, நல்லாத்தான இருக்குது? இதுக்கா இத்தன மாசம் மொனகிக்கினு இருந்தீங்க?"

பாஸ்கரன் வலியை மறந்து அவளைப் பார்த்தார். பல மாதம் தூங்கிய நிபுணர் மெல்ல எழுந்து கண்ணைக் கசக்கினார். இடுப்பு ஒரு திசை, முகம் ஒரு திசை. ஆனால் தோளில் இறுக்கமில்லை, கழுத்தில் நெரிசலில்லை. இப்படி உட்காரும் விதத்தை எங்கே பார்த்திருக்கிறோம் என்று யோசித்தார். விடை சுலபமாக வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இருபது வருஷத்துக்கு மேலாக அவருடைய பைக்கின் பின்னால் அவள் இப்படித்தான் உட்கார்ந்து வந்திருக்கிறாள். இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கப் போட்டு, இடுப்பை முறுக்கி, முகத்தை மட்டும் முன்னால் வைத்து. உலகத்தில் எல்லோருடைய இருக்கையையும் அளந்தவர், தன் முதுகுக்குப் பின்னால் இருந்த அந்த ஒன்றை மட்டும் அளந்ததில்லை.

"உனக்கு வலிச்சதே இல்லியா?" என்று கேட்டார்.

"எதுல?"

"பைக்குல."

"வலிக்காம? நீங்க கேட்டாத்தான சொல்றதுக்கு" என்றாள் சம்பங்கி, ஒரு லாரியை முந்திக்கொண்டே.

அணையில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது; சம்பங்கி எப்படி ஓட்டினாள் என்ற விவாதம் சூடாக இருந்தது. முனிராஜ் தன் மனைவியைத் தன் வண்டியில் உட்காரவைத்துப் பார்த்தார். அந்த அம்மாவும் சௌகரியமாகவே இருந்தார். பல் டாக்டர் வீட்டம்மாவும் அப்படியே. ஆண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். தங்கள் முதுகு வீணாகத்தான் வளைந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. முனிராஜ்தான் கிளப்பின் முடிவை அறிவித்தார்: "அப்போ டிசைன்ல தப்பே இல்ல. நான் அப்பவே சொன்னேன்!" எல்லோரும் கை தட்டினார்கள். போட்டோவுக்கு நிற்கும்போது டிரைவர் பக்கக் கதவருகே பாஸ்கரன் நிற்பதுதான் முறை என்றும் தீர்மானமாயிற்று. அவரை இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள்.

பதினைந்து நாள் படுக்கைக்குப் பிறகு வேலைக்குப் போனவர், முதல் காரியமாக நவீன்குமாரின் ஸ்குரூ டப்பாவை அவன் கைக்கு எதிரே நகர்த்தினார். அவன் நன்றி சொன்னபோது, "ரொம்ப நாளா யோசிச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

கார் இப்போது சம்பங்கியிடம். தினமும் அதில்தான் ஷெட்டுக்குப் போகிறாள். பக்கத்து சீட்டில் ரோஜாக் கட்டுகள் சாய்ந்திருக்கும். பாஸ்கரன் கம்பெனி பஸ்ஸில் போகிறார். ஒரு திங்கட்கிழமை காலை பாகலூர் ரோட்டில் சிவப்புக் கார் பஸ்ஸைச் சர்ரென்று முந்தியது. ஜன்னல் பக்கத்துத் தலைகள் எல்லாம் திரும்பின.

"சார், அக்கா போறாங்க!" என்று கத்தினான் நவீன்குமார்.

"பாத்துக்கினுதான் இருக்கறேன்" என்றார் பாஸ்கரன், அசையாமல். "தோள் எப்படி எறங்கியிருக்குது பாத்தியா? கழுத்து எவ்ளோ ஃப்ரீயா இருக்குது? எல்லாம் நான் குடுத்த டிரெய்னிங்."