கூரைப் பாலத்தில் ஏற்றிய கற்பூரம்

போன வருடம் நவம்பர் மாதம். டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் பிராண்டேக்குக் கொஞ்சம் வெளியே, ஓர் ஓடைக்கு மேலே பழைய மரப்பாலம் ஒன்று இருந்தது. வீடு மாதிரி மேலே கூரையும் இரண்டு பக்கமும் பலகைச் சுவரும் போட்ட பாலம். ஒரு காலத்தில் துணி ஆலைக்குப் போனவர்கள் மழையில் நனையாமல் நடக்கக் கட்டியதாம். ஆலை எப்போதோ போய்விட்டது. பாலத்தை மட்டும் ஊர்க்காரர் சிலர் கூடி, பலகை மாற்றி, தார் பூசிக் காப்பாற்றி வந்தார்கள்.

அன்று அப்பாவின் அந்தியேட்டி. இறந்து ஒரு மாதத்தில் செய்கிற கிரியை. வீட்டில் ஐயர் எல்லாம் முடித்துவிட்டார். பிண்டத்தை ஓடும் தண்ணீரில் விட்டுக் கற்பூரம் காட்டுவதுதான் பாக்கி. ஊரில், யாழ்ப்பாணத்தில் என்றால் கீரிமலைக் கடற்கரைக்குப் போவோம், இங்கே இந்த ஓடைதான் கதி. நானும் அண்ணையும் போய் இறங்கினால் மழையும் காற்றும் பேயாட்டம் ஆடுகின்றன. கரையில் கற்பூரம் பற்றவே இல்லை. என் அண்ணைக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது.

“பாலத்துக்குள்ள கூரை இருக்குத்தானே, அங்க வைச்சுக் கொளுத்துவம்” என்றார்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. உள்ளே தட்டத்தை வைத்துக் கற்பூரத்தை ஏற்றினார். நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். திடீரென்று ஒரு காற்று பாலத்தின் இந்த வாசலால் புகுந்து அந்த வாசலால் பாய்ந்தது. கண்ணைத் திறந்தால், எரிகிற கற்பூரம் மூலையில் குவிந்திருந்த காய்ந்த சருகுக்குள்! தார் பூசிய சுவரில் நெருப்பு விறுவிறுவென்று ஏறியது. ஐயோ கடவுளே என்று செம்புத் தண்ணீரை ஊற்றினேன், அது எந்த மூலைக்கு?

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வயதான டெனிஷ்காரர் தீயணைப்புக் கருவியோடு ஓடிவந்து அணைத்தார். பாலத்தைப் பராமரிக்கிறவர்களில் அவரும் ஒருவர். அணைந்த பிறகும் கருகிய பலகையில் கையை வைத்தபடியே நின்றார்.

அண்ணை என் காதுக்குள், “வா, பொலிஸ் வரமுதல் போவம்” என்றார்.

“உங்களுக்கு விசரே அண்ணை? அந்த மனுசன்ரை முகத்தைப் பாருங்கோ.”

நான் அவரிடம் டெனிஷில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அப்பாவுக்குச் செய்ய வேண்டியது முடிந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். வீட்டுக்குப் போய்ப் பெரிய குடை ஒன்றைக் கொண்டுவந்தார். கரையில் நாங்கள் பிண்டத்தை விட்டு, மறுபடி கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு முடியும்வரை, தான் நனைந்துகொண்டு எங்களுக்குக் குடை பிடித்தார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. தீப்பிடித்ததைக் கொம்யூனுக்கு, அதாவது நகரசபைக்கு, அறிவிக்காமல் விட முடியாது. எங்கள் முன்னாலேயே அவர்தான் தொலைபேசி எடுத்தார். பார்க்க வந்தவர்கள் கருகிய பலகைகளைக் கழற்றினால், பின்னால் இருந்த உத்தரமெல்லாம் உக்கிப் போயிருந்தது. பாலத்தை உடனே மூடினார்கள். திருத்துவது அந்த ஊர்க்காரரால் ஆகிற காரியம் இல்லையாம். இந்த வசந்தத்தில் பிரித்தே எடுத்துவிட்டார்கள்.

பிரித்த அன்று நானும் போயிருந்தேன். அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கதவைத் தட்டினேன். நெருப்புப் பிடிக்காவிட்டாலும் ஒருநாள் அது விழுந்துதான் இருக்கும், நல்லவேளை ஆள் நடக்கும்போது விழவில்லை என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். சொன்னவரின் கண் சிவந்திருந்தது.

அப்பாவை நினைத்து அழ உட்கார்ந்தால், இப்போதெல்லாம் அந்த மனிதருக்காகவும் சேர்த்துத்தான் அழுகிறேன்.