புருசன் இல்லாதவளுக்கு என்னத்துக்கு ஊசி

வாவிக்கு மேற்கே, படுவான்கரை ஊர்களில் நான் நடத்திய கூட்டங்களுக்கு எங்கள் அலுவலகம் நீளமான பெயர் வைத்திருந்தது: பாலியல், இனப்பெருக்கச் சுகாதார உரிமைகள். வெளிநாட்டு நிதியில் நடந்த திட்டம். அந்தப் பெயரை ஊருக்குள் நான் உச்சரித்ததே இல்லை. "பொம்புளைகள்ற உடம்பு விசயம் கதைப்பம், வாங்க" என்பேன். வருவார்கள்.

வவுணதீவைத் தாண்டி உள்ளே போனால் வயல்களுக்கு நடுவே செங்கல் சூளைகள் வரும். அதில் ஒன்றில் கல் அறுத்துக்கொண்டிருந்தாள் அவள். முப்பத்தைந்து வயதிருக்கும். வயல்வட்டையில் இராக்காவலுக்குப் போயிருந்த கணவனை யானை அடித்துக் கொன்று சில வருடங்களாகியிருந்தன. பள்ளிக்கூடம் போகும் ஒரே மகள். கூட்டத்தில் பின்வரிசையில் இருப்பாள், வாய் திறக்கமாட்டாள். ஒருநாள் எல்லாரும் கலைந்த பிறகு, என்னோடு சேர்ந்து பாய்களைச் சுருட்டியபடி கேட்டாள்.

"மிஸ், புள்ள தங்காம இரிக்கப் போடுற அந்த மூணு மாச ஊசி எனக்கும் போடுவாங்களா?"

"கிளினிக்ல கேட்டாப் போடுவாங்க. ஏன் கேக்கிறீங்க?"

"எனக்குத்தான் புருசன் இல்லயே. அதான்."

அவளாகவே சொன்னாள். சூளையிலிருந்து கல் ஏற்றும் உழவு மெசினை ஓட்டுகிறவனோடு பழக்கம். அவனுடைய தாய் சம்மதித்தால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை. "மகள் படிச்சு முடியுமட்டும் இன்னொரு புள்ள பெத்து வளர்க்க எனக்கு ஏலாது மிஸ்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கூச்சப்படவில்லை. நன்றாக யோசித்து எடுத்த முடிவு அது.

அடுத்த கிளினிக்குக்கு அவளோடு நானும் போனேன். பொது மண்டபத்தில்தான் கிளினிக் நடக்கும். ஒரு பக்கம் வயிற்றுப் பிள்ளைக்காரிகள், மறுபக்கம் தடுப்பூசிக்குக் காத்திருக்கும் குழந்தைகள், நடுவில் மேசை போட்டு மிட்வைஃப் அம்மா. ஊரில் பாதிப் பிள்ளைகளின் பிறப்பை அறிந்தவர், வெயில் மழை பாராமல் ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போகிறவர். அவள் குனிந்து மெதுவாகத்தான் கேட்டாள். பதில் மண்டபம் முழுவதற்கும் கேட்டது.

"புருசன் இல்லாதவளுக்கு என்னத்துக்குகா ஊசி?"

காத்திருந்த பெண்கள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் முன்னால் போய், ஊசி போட அப்படியொரு நிபந்தனை கிடையாது என்றேன். "நீங்க வேன்ல வந்து வேன்ல போயிருவீங்க. நான் இந்த ஊருக்குள்ளதான் இரிக்கணும்" என்றார் அவர். திரும்பிப் பார்த்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

தெருவில் ஓடிப்போய்ப் பிடித்தேன். டவுனில் வேறு இடத்துக்குப் போவோம், யாருக்கும் உங்களைத் தெரியாது என்று எவ்வளவோ சொன்னேன். "மறுகா பாப்பம் மிஸ்" என்று தள்ளிப்போட்டாள். அதற்குப் பிறகு அவள் கூட்டங்களுக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனால் சூளையில் என்றார்கள். சூளைக்குப் போனால் இப்போதுதான் போனாள் என்றார்கள்.

மாரி மழை பிடித்திருந்த ஒரு காலையில், அவளோடு கல் அறுக்கும் பெண்ணொருத்தி எனக்கு ஃபோன் எடுத்தாள். அவள் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாளாம். நான் போய்ச் சேரும்போது சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. வயிற்றில் பிள்ளை தங்கியதும், முதலில் யாரோ சொன்ன நாட்டுமருந்தைக் குடித்திருக்கிறாள். அது சரிவராமல், தூரத்தில் ஒரு வீட்டில் இரகசியமாகக் கலைத்துவிடுகிற ஒருத்தியிடம் போயிருக்கிறாள். காய்ச்சல் கண்ட பிறகும் பொலிசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கு வராமல் இருந்திருக்கிறாள். தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருவைக் கலைக்கலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். கர்ப்பப்பையை எடுத்துத்தான் டொக்டர்மார் அவளை உயிரோடு மீட்டார்கள்.

கண் விழித்ததும் அவள் அழவில்லை. "ஒரு ஊசிதானே மிஸ் கேட்டன்" என்றாள். அந்தச் சொல்லை நான் இன்றுவரை எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. மெசின்காரன் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து நின்றுவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். பிறகு வேலைக்காகக் கட்டாருக்குப் போய்விட்டான்.

அவள் வீடு திரும்பிச் சில மாதங்களில், நிதி தரும் நாட்டிலிருந்து ஆட்கள் வருவதாக அலுவலகம் பரபரத்தது. பாதிக்கப்பட்ட பெண் ஒருத்தி தன் கதையைத் தானே சொன்னால் திட்டம் நீடிக்கும் என்றார் அலுவலகத்தை நடத்தும் எங்கள் பணிப்பாளர். முகத்தைக் காட்டமாட்டோம், பெயரை மாற்றிவிடுவோம் என்றும் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. திட்டம் நின்றால் கூட்டங்களும் நின்றுவிடும். நான் போய் அவளிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, விருப்பமில்லாவிட்டால் வேண்டாம் என்றேன்.

அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"அவங்க நல்ல ஆக்கள்தான் மிஸ். கேட்டு அழுவாங்க. அழுதுட்டு பிளேன் ஏறிருவாங்க. இதக் கேக்க வேண்டியவ இஞ்சதானே இரிக்கா."

"ஆரு?"

"அந்த அம்மாதான். என்னக் கூட்டிப் போறீங்களா?"

கிளினிக் முடிந்து மண்டபம் காலியான நேரமாகப் பார்த்துப் போனோம். மிட்வைஃப் அம்மா குழந்தைகளை நிறுக்கும் தராசைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கை நின்றுவிட்டது. விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது.

"நான் சண்டைக்கு வரல்ல" என்றாள் அவள், நின்றபடியே. "என்ட மகளப் பெத்த நேரம் நீங்கதான் என்னப் பாத்தீங்க. அந்த நம்பிக்கையிலதான் உங்களிட்ட வந்து கேட்டன். நீங்க ஏலாதெண்டு சொல்லியிருந்தாலும் நான் வேற இடத்துக்குப் போயிருப்பன். எல்லாருக்கும் கேக்கக் கத்தினீங்க. அதுக்குப் பொறகு எந்தக் கிளினிக்குக்கும் போக எனக்குக் கால் வரல்ல."

மிட்வைஃப் அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "குடுத்தா, கண்டதுகளுக்கும் ஊசி போட்டு ஊரக் கெடுக்கிறாளெண்டு என்னச் சொல்லுவாங்க. அந்தப் பயம் எனக்கு" என்றார். பிறகு, "நான் அப்பிடிக் கேட்டிருக்கப்படா புள்ள" என்றார். அவள் தலையசைத்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

வெளிநாட்டு ஆட்களுக்கு அவள் கதையைக் கொடுக்காமலே அறிக்கை எழுதினேன். பணிப்பாளருக்கு மனத்தாங்கல்தான். ஆனால் அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் நான் பேசப் போனபோது மிட்வைஃப் அம்மாவும் கூடவே வந்தார். "நானே ஒருத்தியத் திருப்பி அனுப்பினன் சேர்" என்று தன் வாயால் சொன்னார். மண்டபத்துக்குப் பின்னாலிருந்த களஞ்சிய அறையைத் துப்புரவாக்கி, கருத்தடைக் குளிசை, ஊசி கேட்டு வருகிறவர்களோடு தனியாகப் பேச ஒழுங்கு செய்தார்கள். கணவன் இருக்கிறானா என்ற கேள்வி அந்த அறையில் இல்லை.

அந்த ஒரு கிளினிக்கில் நடந்தது அவ்வளவுதான். சட்டம் அப்படியே இருக்கிறது. கல்யாணமாகாத பிள்ளைகள் இன்னும் அந்தப் பக்கம் தலைகாட்டப் பயப்படுகிறார்கள். நிதியும் முடிந்து, எங்கள் திட்டத்தை மூடிவிட்டார்கள். வேறு நிறுவனத்தில் இதே வேலையைத்தான் செய்கிறேன்.

போன வருடம் அவளைப் பார்த்தேன். பாரம் தூக்கக்கூடாது என்பதால் சூளையை விட்டுவிட்டு, இடியப்பம் அவித்துக் கொடுக்கிறாள். தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

"மகளுக்கு எல்லாத்தையும் சொல்லிட்டன் மிஸ். ஊர் சொல்லி அவ அறியப்படாதெண்டு நானே சொன்னன்."

"அவ என்ன சொன்னா?"

"கொஞ்ச நாள் என்னோட முகம் குடுத்துக் கதைக்கல்ல. மறுகா ஒருநாள் பள்ளியால வந்து, உங்களுக்கு இப்பவும் நோகுதாம்மா எண்டு கேட்டா."

அதைச் சொன்ன பிறகுதான், நான் அறிந்தவரை முதன்முறையாக, அவள் அழுதாள்.