வரேன் என்று சொல்லிவிட்டுப் போனவள்

பை தைக்கும் தொழிற்சாலையில் எல்லோரும் அவளைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். நூல் வெட்டும் வேலையில் சேர்ந்தபோது ஒட்டிக்கொண்ட பெயர். பிறகு தையல், அப்புறம் லைன் சூப்பர்வைசர் என்று ஏறிவிட்டாள். பெயர் மட்டும் ஏறவில்லை. வாயும் கத்தரிதான். முதலாளியே எதிரில் நின்றாலும் தையல் கோணலென்றால் கோணல் என்பாள்.

இருந்த வெளிநாட்டுக் கம்பெனி ஒருநாள் மூட்டை கட்டியது. வேறொரு நாட்டுக்காரர்கள் தொழிற்சாலையை வாங்கி, பணத்தைக் கொட்டிப் புது மெஷின்கள் இறக்கினார்கள். பழைய ஆட்களையும் இன்டர்வியூ வைத்துத்தான் எடுப்போம் என்றதும் கத்தரி விரல்விட்டு வீட்டுச் செலவைக் கணக்குப் போட்டாள். புருஷன் முதுகுவலியில் படுத்திருந்தார். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓட வேண்டும்.

புது மேனேஜர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். மொழிபெயர்த்தவரும் அவர் நாட்டுக்காரர்தான். தமிழைப் புத்தகத்தில் கற்றவர். கடைசியில் மேனேஜர் அவளைப் பார்க்காமல் குனிந்து மேஜை இழுப்பறையைத் திறந்தார். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்து இவள் எழுந்தாள்.

"போயிட்டு வரேன் சார்."

வீட்டில் புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள். "மூஞ்சியா அது? இஸ்திரி போட்டு வச்ச மாதிரி! ஒரு சிரிப்பு உண்டா? வேலை போச்சுங்க."

சாயங்காலம் வாட்ச்மேன் போன் அடித்தார். "அக்கா, எங்க போய்த் தொலைஞ்சீங்க? மேனேஜர் சாப்பிடக்கூடப் போகாம உங்களுக்காக உக்காந்திருக்காரு!"

விழுந்தடித்து ஓடினாள்.

"போய்விட்டு வருகிறேன் என்றீர்கள்," என்றார் மொழிபெயர்ப்பாளர் பரிதாபமாக. "ஏதோ சான்றிதழ் எடுக்கப் போனதாக நினைத்தோம். இழுப்பறையிலிருந்து வேலை உத்தரவை எடுத்துவைத்துக் காத்திருக்கிறோம். தங்கள் கையெழுத்து மட்டும் பாக்கி."

"ஐயையோ! அது கிளம்பும்போது சும்மா சொல்றது சார். போறேன்னு மொட்டையா சொன்னா ஒரேயடியா போற மாதிரி ஆயிடும்ல?"

விஷயம் புரிந்ததும் மேனேஜர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கத்தரி சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள். அதோடு வந்திருக்கலாம். அந்த வாய் சும்மா இருக்குமா?

"முன்னாடி இருந்தவங்களும் வெளிநாடுதான் சார். போயிட்டு வரோம்னு எங்ககிட்டயே தமிழ்ல சொல்லிட்டுத்தான் கிளம்புனாங்க. அப்புறம் ஆளையே காணோம். நீங்க எப்படி?"

மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கி அதை மேனேஜரிடம் சொன்னார். மேனேஜரின் சிரிப்பு நின்றது. அவர் நிதானமாக நீளமாகப் பேசினார்.

"சொந்த வீட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு வந்திருக்கிறாராம். அதற்காக மனைவி தினமும் திட்டுகிறாராம்."

கத்தரிக்கு அப்போதுதான் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"தினம் திட்டு வாங்கியும் ஓடலையா? அப்ப இவரு நிக்கிற ஆளுதான்," என்றாள்.