கோயில் முகப்பின் அசல் நிறம்

மற்றவர்கள் எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்: இன்று பூசை முடிந்ததும் என் மானம் போயிற்று.

மலேசியாவில், தம்போய் ஊரில் எங்கள் மாதா கோயில் முகப்புக்கு, கட்டியபோது இருந்த நிறத்தையே மறுபடி பூசப் போகிறார்கள். அது எந்த நிறம் என்பதில்தான் சண்டை. இன்றே முடிவு வேண்டும் என்றார் ஃபாதர்.

பாடற்குழுத் தலைவி ஸ்டெல்லா அக்கா நீலம் என்றார். நான் வெள்ளை என்றேன். முப்பது வருடமாக அவரிடம் நான் எதிலும் ஜெயித்ததில்லை. அதனால் இம்முறை ஆதாரத்தோடு போயிருந்தேன்: கோயில் வாசலில் எடுத்த என் ஞானஸ்நானப் படம்.

"பாருங்க ஃபாதர், தூணு, வளைவு எல்லாம் பால் மாதிரி வெள்ளை."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, இது கறுப்பு வெள்ளைப் படம் லா. பக்கத்துல வாழைமரம்கூட சாம்பலா இருக்கு. அதுக்கும் பெயின்ட் அடிச்சிருவோமா?"

வேலைக்கு வந்திருந்த பெயின்டர் தூணைக் கத்தியால் சுரண்டினார். இப்போதிருக்கும் பச்சைக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே நீலம்.

அக்கா எனக்குச் சாப்பிட ஒரு கறிபாப் எடுத்துக் கொடுத்தார். அதுதான் தாங்க முடியவில்லை. வெள்ளைக் கட்சியில் இன்னும் யாராவது மிச்சம் இருந்தால் கமென்டில் வந்து கை தூக்கவும்.

வீட்டுக்கு வந்து, ஆறுதல் தேடி, படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன்.

"டேய், இது பத்து பாகாட் ஊர்க் கோயில்டா," என்று எழுதினாள் என் மூத்த அக்கா. "நாம தம்போய்க்கு வந்தப்ப ஒனக்கு நாலு வயசு."