தண்ணீர் மாற்றிப் பார்த்தது

புதுவாயலிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் எங்கள் ஊர். ஊர் முனையில் ஒரு சின்ன ஏரி, இறங்கிக் குளிக்கப் படிகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கவும் படகில் போகவும் கிளம்பிய கார்கள் வழியில் நின்று பிள்ளைகளைக் குளிக்க விடும். ஊர்ப் பிள்ளைகளும் அங்கேதான் ஊறிக் கிடக்கும். என் மகளை மட்டும் போன கோடை முழுக்க நான் விடவில்லை.

முழங்காலுக்குப் பின்னால் அவளுக்குச் சிவப்பாகத் தடித்திருந்தது. கும்மிடிப்பூண்டி டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "எதுக்கும் தண்ணி மாத்திப் பாருங்க" என்றார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஏரி கூடாது, வீட்டுக் குழாய்த் தண்ணீர்தான். வேப்பிலை போட்டுக் காய்ச்சி, ஆற்றி ஊற்றினேன்.

மாமியார் சிரித்தார். "எம்புள்ள அந்த ஏரில எருமையாட்டம் ஊறிக்கினு கெடந்தவன். அவனுக்கு இன்னா ஆயிப்போச்சு? ரொம்பப் படிச்சா இப்டித்தான், எல்லாத்துக்கும் பயம்."

பயம்தான். மகள் வாசலில் நின்று அழும்போது, அநியாயமாகத் தடுக்கிறேனோ என்றும் தோன்றும். தடிப்பு முழங்கைக்கும் வந்தது. சோப்பா, வேப்பிலையா, நான் சரியாகக் காய்ச்சவில்லையா?

ஒரு நாள் காலை குழாய் வறண்டுபோனது. ஷிஃப்ட் முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன்.

"ஏரிக்கரை மோட்டார் எரிஞ்சிபோச்சாம். நாளிக்கி வந்துடும்."

"ஏரிக்கரையில எதுக்கு மோட்டார்?"

"இன்னா கேக்குற நீ? டேங்குக்கு அங்கேந்துதான ஏறுது. கொழாயில வேற எந்தத் தண்ணி வருதுன்னு நெனச்ச?"

அவர் நாஷ்டா சாப்பிட உட்கார்ந்துவிட்டார். குடிக்கத்தான் கேன் வாங்குகிறோம். குளிக்க யார் வாங்குவார்கள்? மீஞ்சூரிலிருக்கும் அம்மாவுக்குப் போன் செய்து, பாப்பாவைக் கொஞ்ச நாள் அங்கே விடட்டுமா என்றேன்.

"கூட்டினு வாடி. ஆனா இங்க மட்டும் இன்னா எளநியா வருது? உன் தம்பியும் சொறிஞ்சிக்கினுதான் கெடக்குறான்."

அடுத்த ஞாயிறு மகளை நானே ஏரிக்குக் கூட்டிப்போனேன். படியில் நின்று என் முகத்தையே பார்த்தாள்.

"போ" என்றேன்.

கார் ஒன்று வந்து நின்றது. தன் குழந்தையின் சட்டையைக் கழற்றிக்கொண்டே ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "தண்ணி நல்லாருக்குமாங்க?"

என் மகள் இடுப்பளவு தண்ணீரில் கத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் கையில் களிம்பு இருந்தது.

"தெரியலைங்க."

அவள் என் மகளின் கைகளைப் பார்த்தாள். பொத்தான்களை மறுபடி போட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனாள்.

"அம்மா, அந்தப் பாப்பா ஏன் குளிக்கல?"

"அவங்களுக்கு நேரமாயிடுச்சாம்" என்றேன்.